பேந்தரும் உறைந்துபோன திரையும்

அன்று சங்க மண்டபத்தில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். கடற்றொழிலாளர் சங்கத் தலைவர். அவருக்குப் பக்கத்தில் பொருளாளர். பின்னால் போட்ட மர வாங்குகளில் படகுக்காரர்கள். எங்கள் பக்கம் முதலாளி தர்சினி. புரோகிராம் எழுதும் கஜன். ஒபிஸ் வானை ஓட்டித் தேத்தண்ணியும் ஊற்றும் நான். கடைசியாக, கஜனோடு சேர்ந்து புரோகிராம் எழுதும் மூத்தவர் பேந்தர்.

பேந்தரைப் போல ஒருவர் இந்தக் குடாநாட்டில் முன்னும் இல்லை, இனியும் பிறக்கமாட்டார். சொந்தப் பெயர் அவருடைய சம்பளத் தாளில் மட்டும் இருக்கிறது. எதைச் சொன்னாலும் "பேந்து" என்பார். பிறகு செய்கிறேன் என்று அர்த்தம். அதனால் பேந்தர்.

சோம்பேறி இல்லை. சொன்னது நடக்கும். அதன் முறை வரும்போது நடக்கும்.

எங்கள் ஒபிஸ் குடாநாட்டுத் திருநெல்வேலியில், பலாலி வீதிக்கு உள்ளே ஒரு வாடகை வீடு. போனில் ஓடும் செயலிகள் செய்கிறார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். என்ன செய்கிறார்கள் என்று கேட்டதில்லை. பேந்தர்தான் ஒருநாள் தானாகச் சொன்னார்.

"அண்ணை, போனுக்குள்ளை ஒரேயொரு ஆள்தான் நிக்கிறான் எண்டு வையுங்கோ. நீங்கள் விரல் வைச்சால் அவன்தான் பாக்கவேணும். திரையிலை படம் கீறிக் காட்டுறதும் அவன்தான். ஒண்டை முடிச்சிட்டு, அடுத்தது என்ன, அடுத்தது என்ன எண்டு கேட்டுச் சுத்திக்கொண்டு நிப்பான்."

"பாவம்."

"பாவம்தான். அவனிட்டை பெரிய வேலை ஒண்டைக் குடுத்தால் அதிலையே கிடப்பான். நீங்கள் குத்திக் குத்திப் பாப்பியள். திரை அசையாது."

"அப்ப என்ன செய்யிறது?"

"வேலையைச் சின்னத் துண்டாய் வெட்டி வரிசையிலை விடவேணும். ஒரு துண்டு முடிய, ஆரும் கூப்பிட்டவையோ எண்டு பாத்திட்டு மற்றத் துண்டு."

நல்ல விசயம்தான். ஆனால் அவர் போனோடு நிற்கவில்லை. தானும் அப்படியே சீவித்தார்.

மத்தியானம் சோற்றைக் குட்டிக் குட்டிக் குவியலாகப் பிரிப்பார். ஒரு குவியல் முடிந்ததும் நிமிர்ந்து, "ஆரும் கூப்பிட்டனீங்களோ?" என்பார். ஒருவரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். அடுத்த குவியல். அடுத்த நிமிர்வு. அவர் கை கழுவும்போது மற்றவர்கள் பின்னேரத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பார்கள்.

ஒருநாள் சலூனில் இருந்தார். பாதித் தலை வெட்டியாகிவிட்டது. அந்த நேரம் கஜன் ஒபிஸிலிருந்து போன் எடுத்துக் கூப்பிட்டார். பேந்தர் கழுத்தில் கட்டிய வெள்ளைத் துணியோடு சைக்கிளில் ஒபிஸுக்கு வந்துவிட்டார்.

தர்சினி கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "ஐசே, உம்மடை தலைக்கு என்ன நடந்தது?"

"இடப்பக்கம் முடிஞ்சுது. வலப்பக்கம் வரிசையிலை நிக்குது."

"எப்ப முடிப்பீர்?"

"பேந்து."

வலப்பக்கம் மறுநாள்தான் முடிந்தது. துணியையும் அப்போதுதான் திருப்பிக் கொடுத்தார்.

உடுப்பிட்டிக்குப் பெண் பார்க்கப் போனபோதும் வான் ஓடியது நான்தான். பெண்ணிடம் ஒரு கேள்வி கேட்பார். பதில் வந்ததும் எழும்பி முற்றத்துக்கு வருவார். போனைப் பார்ப்பார். திரும்பப் போய் அடுத்த கேள்வி. நாலாம் முறை வெளியே வந்தபோது பெண்ணின் தகப்பன் என் காதுக்குள் கேட்டார்.

"தம்பிக்கு வயித்துக்கு ஏதும் சரியில்லையோ?"

"இல்லை ஐயா. உது அவரின்ரை பழக்கம்."

உள்ளே பெண்ணின் குரல் கேட்டது. "அவர் போயிட்டு வரட்டும் அப்பா. நானும் அதுக்குள்ளை என்ரை கேள்வியை யோசிக்கிறன்." அந்தப் பிள்ளையைத்தான் கட்டினார். அவருக்கு வேறு யார் சரிவருவார்கள்?

இனிச் சங்க மண்டபத்துக்கு வருகிறேன்.

தர்சினி கொழும்பில் இருந்த வேலையை விட்டு வந்து தொடங்கிய ஒபிஸ் இது. கைக்கு வந்த பெரிய வேலைகள் இரண்டு தவறிப்போயின. மிஞ்சியது சங்கத்து வேலை ஒன்று. கடலுக்குப் போகும்போது படகுக்காரர் போனில் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். கரைக்கு வந்ததும் இன்னொன்று. யார் இன்னும் கடலில் என்று சங்கத்துக்குத் தெரியும். வடமராட்சிக் கரைக்குப் போகும் வழியில், வானுக்குள் தர்சினி சொன்னார்.

"சங்கம் ஓம் எண்டால் இருப்பம். இல்லையெண்டால் மாத முடிவோடை ஒபிஸைப் பூட்டுவம்."

நான் வானை நெல்லியடிப் பக்கம் திருப்பினேன்.

தலைவர் போனைக் கையில் எடுத்தார். வலை இழுத்துத் தடித்த விரல். "கடலுக்குப் போறன்" என்ற பொத்தானை அழுத்தினார். திரை அப்படியே நின்றது. திரும்ப அழுத்தினார். பிறகு குத்தினார். பொருளாளர் இரண்டு பொத்தான்களையும் மாறி மாறிக் குத்தினார். பின் வாங்கில் இருந்த ஒருவர் வந்து, தன் பங்குக்கு உலுக்கிப் பார்த்தார்.

"உது செத்துப்போச்சு," என்றார் பொருளாளர்.

கொஞ்ச நேரத்தில் அது உயிர்த்தது. அதுதான் இன்னும் மோசம். குத்திய குத்தெல்லாம் உள்ளே வரிசையில் நின்றிருக்கிறது. கடலுக்குப் போறன், வந்திட்டன், கடலுக்குப் போறன், வந்திட்டன் என்று போன் ஓயாமல் கத்தியது. மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது.

"தலைவர் இருந்த இடத்திலை இருந்து எத்தினை தரம் தொழிலுக்குப் போயிட்டு வந்திட்டார்! மீன் எங்கையப்பா?" என்றது ஒரு குரல்.

தலைவர் சிரிக்கவில்லை. போனை மேசையில் வைத்தார். "பிள்ளை, கடலிலை காத்து மாறினால் நாங்கள் உதைப் பாத்துக்கொண்டு நிக்கேலாது. தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போங்கோ."

தர்சினியின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

அந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் வந்தாலும் தேத்தண்ணித் தட்டைத் தலைவர் வாசலில் நின்று தன் கையால் வாங்கிக் கொடுப்பார். தலைவர் எழும்பி வாசலுக்குப் போனார். தலைவர் நின்றால் மற்றவர்களும் இருக்கமாட்டார்கள். சங்கத்துக்காரர் எல்லோரும் எழும்பிப் போய் அவரைச் சுற்றி நின்றார்கள். மண்டபத்துக்கு ஒரே வாசல். பொருளாளரும் இன்னும் சிலரும் படியிலும் இறங்கி நின்றார்கள். எதிர்க்கடைக்காரர் தட்டோடு வீதியைக் கடந்து வந்து, நுழைய வழியில்லாமல் அவர்கள் முதுகுக்குப் பின்னால் நின்றார்.

"எங்கை காணும் தேத்தண்ணி?" என்று தலைவர் சத்தம் போட்டார்.

"இஞ்சை நிக்கிறன் ஐயா! வழி விட்டால் தானே வரலாம்!"

"முதல் தேத்தண்ணியைக் கொண்டாரும். பேந்து விலத்துறம்!" என்று கத்தினார் பொருளாளர்.

பேந்தர் துள்ளி எழும்பினார். கஜனின் தோளைப் பிடித்து வாசல் பக்கம் திருப்பினார்.

"கஜன், நேற்று என்ன மாத்தினனீர்?"

"சங்கத்திலை இருந்து பதில் வருமட்டும், இல்லையெண்டால் கொஞ்ச நேரம் போகுமட்டும், அதிலையே நிக்கச் சொல்லி எழுதினனான் அண்ணை. செய்தி போய்ச் சேந்ததோ எண்டு தெரியவேணுமெல்லே."

"பதில் எந்த வாசலாலை வரவேணும்?"

கஜன் வாசலைப் பார்த்தார். படியில் நின்ற பொருளாளரைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். "ஐயோ அண்ணை" என்றார்.

"ஓம். வாசலிலை நிண்டுகொண்டு வரேல்லை, வரேல்லை எண்டால் எப்பிடி வரும்? வந்தால் சொல்லு எண்டு சொல்லிப்போட்டு விலத்தி நில்லும். லப்டொப்பை எடும்."

இரண்டு பேரும் வாங்கில் குந்தினார்கள். அன்று பேந்தர் ஒருமுறைகூட நிமிரவில்லை. யாரும் கூப்பிட்டார்களா என்று கேட்கவில்லை. அவருடன் பழகிய காலத்தில் அதற்கு முன் நான் அதைக் கண்டதில்லை. பயந்துபோனேன்.

வாசலில் இன்னும் இழுபறி. விலத்தினால் மரியாதை போய்விடும் என்று தலைவர் நினைத்தாரோ என்னவோ. கடைசியில் தட்டு தலைகளுக்கு மேலால் வந்தது. தேத்தண்ணி ஆறிவிட்டது. திரும்ப ஊற்றிக்கொண்டு வரச் சொன்னார்கள். அந்த நேரம் எங்களுக்குப் போதுமாக இருந்தது.

"ஐயா," பேந்தர் போனை நீட்டினார். "இப்ப குத்துங்கோ."

"தேவையில்லைத் தம்பி."

"ஒருக்கா. எல்லாரும் குத்துங்கோ. உலுக்கினவரும் வாங்கோ."

தலைவர் ஒரு விரலால் தொட்டார். உடனே "செய்தி போகுது" என்று காட்டியது. கண் வெட்ட முன் "சங்கத்துக்குக் கிடைச்சிட்டுது" என்று மாறியது. திரும்பத் தொட்டார். "நீங்கள் ஏற்கெனவே கடலில்" என்றது. பொருளாளர் குத்தினார். படகுக்காரர் ஒவ்வொருவராக வந்து குத்தினார்கள். திரையில் இருந்த கடலின் படத்தை இழுத்தார்கள், உருட்டினார்கள். விரல் போன பக்கமெல்லாம் படம் போனது. கடைசியில் உலுக்கியவர் வந்தார். இரண்டு கையாலும் உலுக்கினார். திரை அவருக்கும் உறையவில்லை.

மண்டபத்தில் விசில் பறந்தது. ஒருவர் வாங்கில் ஏறி நின்றார். தலைவர் தர்சினியின் பக்கம் திரும்பினார்.

"எப்ப எங்கடை படகெல்லாத்துக்கும் போட்டுத் தருவியள்?"

தர்சினி வாயைத் திறக்க முன் பேந்தர் சொன்னார்: "இப்பவே."

நான் கையில் இருந்த வான் திறப்புக் கொத்தைக் கீழே போட்டுவிட்டேன்.

அன்று போனில் செயலியைப் போட்டுக்கொண்டு இரவுத் தொழிலுக்குப் போன படகுகள் மறுநாள் விடியத் திரும்பத் தொடங்கின. பேந்தர் என்னைக் கூட்டிக்கொண்டு கரைக்குப் போனார். தலைவர் அங்கே நின்றார்.

"ஏன் தம்பி வந்தனீர்? வீட்டிலை இருந்து திரையிலை பாக்கலாமெண்டு நீர்தானே சொன்னனீர்?"

"திரையிலை பாத்திட்டன் ஐயா, இருபத்தேழு படகு கடலுக்குப் போயிருக்கு. கண்ணாலையும் ஒருக்கா பாப்பம்."

மணலில் நின்றார். ஒவ்வொரு படகும் கரை தொட, வாய்க்குள் எண்ணினார். வெயில் ஏறியது. எனக்கு வேறு வான் ஓட்டம் இருந்தது. போவமோ என்று நான் கேட்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் நின்று நானும் எண்ணினேன்.

இருபத்தேழு.