லொறியர் காத்த துடக்கு

எனக்கு எழுபத்தாறு வயது. ஐந்து பிள்ளைகளைப் பெற்று ஐந்தையும் ஆளாக்கினேன். அந்த ஐந்தும் பிறந்த நாள் தொடக்கம் அழுத அழுகையை ஒன்றாகச் சேர்த்தாலும், பக்கத்து வளவு லொறியர் ஒரு மாரிகாலத்தில் அழுது முடித்ததற்குக் கிட்ட நிற்காது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். இதைக்கூட நான் சொல்லச் சொல்ல இளைய பேத்திதான் எழுதுகிறாள். ஆனால் அழுகையைப் பற்றி எனக்கு ஒருவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

லொறியருக்கும் பேர் ஒன்று இருந்திருக்கும். கோப்பாயில் ஒருவரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அச்சுவேலிச் சந்தைக்கு லொறியில் வெங்காயம் ஏற்றின மனிதர். அவருடைய மீசையைக் கண்டால் எதிரில் வருகிற பஸ் தானாக ஒதுங்கும் என்பார்கள். மனைவி செத்த பிறகு லொறியை விற்றுவிட்டு நாவல் வாசிக்கத் தொடங்கினார். துப்பறிகிற கதை, அரசர் கதை ஒன்றும் வேண்டாம். இந்தக் காலத்துக் குடும்பக் கதைதான் வேண்டும். தாயும் மகளும் முகம் பாராமல் இருக்க வேண்டும், அண்ணன் தம்பி வேலிக்குச் சண்டை பிடிக்க வேண்டும், வெளிநாட்டிலே புருசனும் பெண்சாதியும் ஒரே வீட்டில் இரண்டு சமையல் சமைக்க வேண்டும். நூல்நிலையத்தில் எடுத்து வந்து, பலா மரத்துக்குக் கீழே கதிரை போட்டு, தோளில் துவாயோடு இருப்பார். துவாய் வியர்வைக்கு அல்ல.

வாசித்ததை வேலிக்கு மேலால் எனக்குச் சொல்லுவார். நான் கத்தரிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே கேட்பேன். எத்தனையோ குடும்பங்கள் என் தோட்டத்து ஓரத்தில்தான் பிரிந்து போயின. கத்தரி நன்றாகத்தான் காய்த்தது.

ஒரு வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு நின்றார். ஐயர் பேர் கேட்டார், நிர்மலா என்றார். நட்சத்திரம் கேட்டார்.

"அது எழுதேல்லை, ஐயா. அவள் படுகிற பாட்டைப் பார்த்தால் திருவாதிரை மாதிரிக் கிடக்கு."

"மகளோ?"

"இல்லை. புருசன் விட்டிட்டுப் போட்டான், பாவம். இன்னும் கனக்கப் பக்கம் கிடக்கு."

ஐயர் பிள்ளையாரைப் பார்த்தார். பிறகு அர்ச்சனையைச் செய்தார். அடுத்த வெள்ளி லொறியர் வந்து தேங்காயும் உடைத்தார். புருசன் திரும்பி வந்துவிட்டானாம்.

இதையாவது பொறுக்கலாம். என் மூத்த பேத்தியின் கல்யாண வீட்டுக்கு அவர் வரவில்லை. கேட்டதற்குத் துடக்கு என்று சொல்லி அனுப்பினார். செத்த வீட்டுத் துடக்கோடு நல்ல காரியத்துக்கு வரக்கூடாதுதான். ஆர் மோசம் போனது என்று பதறிக்கொண்டு, கல்யாண வீட்டை விட்டுவிட்டு நானே ஓடினேன். பார்த்தால், நாவலில் ஒரு தாய் கண்ணை மூடிவிட்டாள். முப்பத்தோராம் நாள் வரைக்கும் மனிதர் மீன் மச்சம் தொடவில்லை. அந்தியேட்டிச் சடங்குக்கு வடை சுட்டுத் தரமுடியுமோ என்று கேட்டார். சுட்டுக் கொடுத்தேன். அயலென்றால் என்ன செய்கிறது?

இவ்வளவு இரக்கமுள்ள மனிதருக்குச் சொந்தமாக ஒரே ஒரு மகள். சண்டிலிப்பாயில் ஒரு வேதக்காரப் பெடியனை, தகப்பனைக் கேளாமல் கட்டிக்கொண்டாள். அன்றோடு அவளுடைய பேரை அந்த வளவில் எடுக்கக்கூடாது. பிள்ளை பிறந்து, அதைத் தூக்கிக்கொண்டு ஒருநாள் படலையடியில் வந்து நின்றாள். லொறியர் எழும்பி உள்ளே போனார். பூட்டோடு வந்தார். படலையைப் பூட்டிவிட்டு, கதிரையில் இருந்து, விட்ட இடத்திலிருந்து வாசித்தார். பிள்ளை என் வீட்டில்தான் பால் குடித்தது.

போன வருசம், சோளகக் காற்று அடித்த ஒரு பின்னேரம், புத்தகமும் கையுமாக வேலியடிக்கு வந்தார். மீசை நனைந்திருந்தது.

"அக்கா, உவனும் ஒரு தகப்பனே? பெத்த பிள்ளை வாசல்லை நிண்டு கூப்பிடுது. உவன் திறக்கிறானில்லை. உவனுக்கு நெஞ்சோ, கருங்கல்லோ?"

"கருங்கல்லுத்தான்," என்றேன். "பூட்டும் போட்டிருப்பானே?"

"ஓம் அக்கா, பெரிய பூ..."

திரும்பித் தன் படலையைப் பார்த்தார். நான் தண்ணீரை அடுத்த பாத்திக்குத் திருப்பினேன்.

அதற்குப் பிறகு ஒரு கிழமை என்னோடு கதையில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளை வேட்டி கட்டி, அதே புத்தகத்தைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு வெளிக்கிட்டார். எங்கே என்று கேட்டேன்.

"கடைசி வரைக்கும் அவன் திறக்கேல்லை, அக்கா. ரண்டாந்தரமும் வாசிச்சுப் பார்த்தன். திறக்கேல்லை."

மிச்சத்தை மகள்தான் பிறகு எனக்குச் சொன்னாள். சண்டிலிப்பாயில் அவளுடைய படலை பூட்டிக் கிடந்தது. அவர்கள் சேர்ச்சுக்குப் போயிருந்தார்கள். லொறியர் வெயிலில் நின்றபடி வாசித்தார். ஆரென்று கேட்ட ஆட்களுக்கெல்லாம், இந்த வீட்டுக்காரியின் தேப்பன் என்று சொன்னாராம். மகள் பிள்ளையோடு வந்தாள். திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு, திறக்காமல் கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தாள்.

"கன நேரமோ நிக்கிறியள், அப்பா?"

"அரை நாவல், பிள்ளை."

அவள் பூட்டைத் திறந்து முடிப்பதற்குள் துவாய் முகத்துக்குப் போய்விட்டதாம்.

இப்போது அங்கேதான் இருக்கிறார். போகும்போது தன் படலையை மட்டும் பூட்ட வேண்டாம் என்றார். ஆரும் வந்தால் வாசலில் நிற்கப்படாதாம். வருகிறது ஆடுகள்தான். அந்த வளவுக்குள்ளே புகுந்து, வேலியைப் பிரித்துக்கொண்டு வந்து என் கத்தரியை மொட்டை அடிக்கின்றன. போய்ப் படலையைச் சாத்தினால் முடிந்தது. நான் சாத்தவில்லை. கத்தரி இன்னொருக்கால் நடலாம்.

பிள்ளை, எழுதினது காணும், பேனையை வை. முதலிலிருந்து ஒருக்கால் வாசி பார்ப்பம். கொஞ்சம் உரத்து வாசி, சண்டிலிப்பாய் வரைக்கும் கேட்கட்டும்.