ஒரே நாளில் இரண்டு உயிர்

முடிவெடுக்கத் தெரியாதவர்களுக்கென்று ஒரு தேர்தல் வைத்தால் நான் போட்டியின்றி ஜெயிப்பேன். (மனு கொடுப்பதா வேண்டாமா என்று குழம்பாமல் இருந்தால்.)

வரலாற்றில் ஒரு எம்.ஏ., தபாலில் தமிழ் எம்.ஏ. முடித்துவிட்டு நாமக்கல்லில் வீட்டோடு இருந்தேன். பிஎச்.டி. எதில் செய்வது, இப்போதா கல்யாணத்துக்கு அப்புறமா, ஒன்றும் பிடிபடவில்லை. காலையில் வரலாறு, மத்தியானம் தமிழ், சாயங்காலம் பேசாமல் கல்யாணம். விண்ணப்பிக்கக் கடைசி நாள் நெருங்கியதும் அம்மா பொறுமையிழந்து, மோகனூர்ப் பக்கமிருக்கும் குலதெய்வக் கோயிலுக்குப் பூ கேட்க இழுத்துப்போனார்.

வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்பு ஒரு பொட்டலம். எதற்கு எது என்று மனதில் நினைத்துக்கொண்டு சாமி முன்னால் போட வேண்டும். பூசாரி ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை.

"வரலாறு!" என்றேன்.

"கல்யாணத்துக்கு அப்புறம்!" என்றார் அம்மா, அதே நொடியில்.

"எந்தப் பாடம்னுதானம்மா கேக்க வந்தோம்?"

"எப்பப் படிக்கறதுன்னுதான் கண்ணு நான் கேட்டேன்!"

மறுபடி போடச் சொன்னோம். பூசாரி கையெடுத்துக் கும்பிட்டார். "ஏனுங்க, ஊட்டுலயே பேசிட்டு வந்திருக்கலாமுங்க."

கடைசி நாள் பயத்தில் ஒரே பல்கலைக்கழகத்தில் இரண்டு துறைக்கும் விண்ணப்பித்தேன். "எடம் கெடைச்சாப் படி, இல்லீன்னா மாப்பிள்ளை பாக்கறோம்" என்று அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். இரண்டு நேர்காணலும் ஒரே நாளில் வந்து தொலைத்தன.

பத்து மணிக்கு வரலாற்றுத் துறை. ஏன் இந்தத் துறை என்றார்கள். "வரலாறுதான் என் உயிர்" என்றேன். ஓரத்தில் இருந்த பேராசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். (நெகிழ்ந்துவிட்டார் என்று நினைத்தேன்.)

பதினொன்றரைக்குத் தமிழ்த் துறை. பதற்றத்தில் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அதே கேள்வி. "தமிழ்தான் என் உயிர்" என்று ஒப்பித்துவிட்டு நிமிர்ந்தால் அதே கண்ணாடி, அதே பேராசிரியை. இரண்டு குழுவுக்கும் அவர் பொது உறுப்பினராம்.

"ஏம்மா, ஒன்றரை மணி நேரத்துல உயிர் மாறிடுச்சா?"

அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். "இல்லைங்க மேடம், பூ கேட்டோம், அம்மா வேற கேள்வி கேட்டுட்டாங்க" என்று ஆரம்பித்து, பூசாரி கும்பிட்டதுவரை ஒன்றுவிடாமல் சொன்னேன். ஒருவர் மேசைக்கடியில் குனிந்து பேனா தேடினார். (பேனா விழவேயில்லை.) வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

இரண்டிலும் இடமில்லை. அப்பா சொன்னபடி மாப்பிள்ளை பார்த்தார். கல்யாணமாகி அடுத்த வருடம் வரலாற்றில் சேர்ந்தேன்.

விருந்துக்குப் போகும்போதெல்லாம் என் கணவருக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தபடி அம்மா இன்றும் சொல்வது இதுதான்: "என்ற புள்ளைக்கு ரெண்டு உசுரு இருந்துச்சுங்க மாப்பிள்ளை. ரெண்டையும் ஒரே நாள்ல போக்கிட்டுத்தான் உங்க ஊட்டுக்கு வந்தா."