மாமா, நீங்கள் படகில்தான் வர வேண்டும்

மரியாதைக்குரிய தீர்த்தகிரி மாமா அவர்களுக்கு,

மருமகன் முருகேஷ் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அம்மாவும் நானும் படகும் நலம். அத்தையின் முழங்கால் தேவலையா? போனில் ‘படகு’ என்றாலே நீங்கள் கட் பண்ணிவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம். இதை நடுவில் கட் பண்ண முடியாது.

வெள்ளிக்கிழமை அக்கரையில் சுகுணா வீட்டில் எனக்கு நிச்சயம். தாய்மாமன் இல்லாமல் தட்டு மாற்ற அம்மா ஒத்துக்கொள்ள மாட்டாள். நம் ஜனம் மொத்தமும் நான் ஓட்டும் படகில் வருகிறது. நீங்கள் மட்டும் மேட்டூர் சுற்றி பஸ்ஸில் வந்தால், மாப்பிள்ளை படகில் அவன் மாமனே ஏறவில்லையே என்று பெண் வீட்டார் கேட்க மாட்டார்களா? ஆகவே நம் படகு எவ்வளவு பாதுகாப்பானது என்பதை, நேற்று நடந்ததை வைத்தே நிரூபிக்கிறேன்.

பென்னாகரம் சந்தை முடிந்து ஏறிய கூட்டத்தில் சுகுணாவின் அப்பா பச்சியப்பனும் பெரியப்பா சென்றாயனும் இருந்தார்கள். கிணற்றுத் தகராறில் அண்ணன் தம்பிக்குள் பல வருடமாகப் பேச்சு இல்லை; படகிலும் ஆளுக்கொரு முனைதான், ஊரே அதற்கு இடம் விட்டுவிடும். அதெல்லாம் பழைய முறை. நான் டிப்ளமோ மெக்கானிக்கல், எனக்கு எடைதான் பேச்சு. இருவரும் கனத்த உடம்பு, ஆகவே நடுவில் எதிரெதிரே உட்கார வைத்தேன். “மாமனாருன்னு பாக்க மாட்டியா நீ?” என்றார் பச்சியப்பன். “தண்ணி பாக்காதுங்க” என்றேன். ரசமட்டம் வைத்ததுபோல் சாயாமல் நின்றது, மாமா, படகு! பாதி ஆற்றில் இன்ஜின் நின்றது. பயப்பட ஒன்றுமில்லை, டீசல் குழாயில் காற்று, அவ்வளவுதான். நான் நட்டைத் தளர்த்திக்கொண்டிருந்தபோது, முகத்துக்கு முகம் பார்த்து சும்மா இருக்க முடியாத சென்றாயன், வானத்தைப் பார்த்து, “கெணத்தையே முழுங்கினவனுக்கு ஆறு எம்மாத்திரம்” என்றார். “மோட்டார கழட்டினவன் பேசறான்” என்று பச்சியப்பன் எழுந்தார், சென்றாயனும் எழுந்தார், படகு சாய்ந்தது, கண்ணம்மாள் அக்காவின் தக்காளிக் கூடை ஆற்றோடு போனது, ஓர் ஆடு குதித்து நீந்தி எங்களுக்கு முன்பே கரை சேர்ந்தது. நான் கத்தினேன்: “உக்காருங்கய்யா, இல்லன்னா ரெண்டுல ஒருத்தர தூக்கிப் போட்டு லோடைக் கொறச்சிருவேன்!”

அங்கேதான் அதிசயம். இருவரும் ஒன்றாக என் பக்கம் திரும்பினார்கள். “டேய், எந் தம்பியத் தூக்கிப் போடுவியா?” “எங்கண்ணனையாடா சொல்ற?” இன்ஜின் கிளம்பிக் கரை சேரும்வரை ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் பிடித்துத் திட்டினார்கள். இறங்கும்போது தம்பிக்கு அண்ணன் கை கொடுத்தார்! பஞ்சாயத்தால் முடியாததை என் படகு ஒரே நடையில் முடித்துவிட்டது. ஒருவர்கூட மூழ்கவில்லை. இதற்குமேல் என்ன நிரூபணம் வேண்டும்? உங்களுக்கென்று பெரிய சைஸ் மிதவைச் சட்டை ஒன்று எடுத்துவைத்திருக்கிறேன்.

அத்தைக்கு வணக்கம். வேடியப்பன் சாமி உங்களுக்குத் தைரியம் தரட்டும்.

இப்படிக்கு,
மருமகன் முருகேஷ்

பி.கு.: உறையை ஒட்டும்போது சென்றாயன் போன் செய்தார். “பொண்ணு தர்றோம், அதுல மாத்தமில்ல. ஆனா உன் படகுல எங்க ஜனம் ஏறாது, உங்க ஜனத்தையும் ஏத்த வேணாம். நாங்களே மேட்டூர் சுத்தி பஸ்ல வந்து உங்க வூட்லயே தட்டு மாத்திக்கறோம்.” பின்னாலிருந்து பச்சியப்பன், “அண்ணன் சொல்றதுதான்!” என்றார். ஆகவே நீங்கள் ஆற்றையே பார்க்க வேண்டாம், கடத்தூரிலிருந்து நேரே வீட்டுக்கு வாருங்கள். தட்டு மாற்றியதும் நாம் இருவர் மட்டும் அக்கரை வரை சும்மா ஒரு நடை போய்வரலாம். நேற்று என்னிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்ட சாவியைப் படகு முதலாளி திருப்பிக் கொடுக்க வேண்டும், அது மட்டும்தான்.