மிதந்த பேண்டேஜ் துணி விஷயமாக

இராஜபாளையம்
12.3.1991

மதிப்பிற்குரிய மச்சான் ஹமீது அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் தங்கை நூர்னிசாவும் நானும் இறைவன் கிருபையால் சுகம். மகள் சௌதா எங்களைவிடச் சுகமாக இருப்பதால்தான் இந்தக் கடிதம். அவள் படித்தது போதும் என்று கண்டிப்பாக ஒரு கடிதம் போடவும். நீங்கள் சொன்னால்தான் கேட்பாள்.

பி.எஸ்சி. முடித்ததும் மதுரையில் உங்கள் வீட்டில் தங்கி எம்.எஸ்சி. படிக்க வேண்டுமாம். போன வாரம் முழுக்க வீட்டில் அலனின், வேலின், லூசின் என்று ஒரே பாராயணம். முனைவற்ற அமினோ அமிலங்களாம். அப்படியென்றால் என்ன என்று சோறு தின்னும்போது தெரியாமல் கேட்டுவிட்டேன். அவற்றின் பக்கச் சங்கிலியில் கார்பனும் ஹைட்ரஜனும்தானாம், எலெக்ட்ரானை இரண்டும் ஏறக்குறையச் சமமாக வைத்துக்கொள்ளுமாம், அதனால் ஒரு பக்கம் பிளஸ் ஒரு பக்கம் மைனஸ் என்று பிரியாதாம், தண்ணீருக்கோ இரண்டும் உண்டாம், பிடித்துக்கொள்ள ஒன்றும் அகப்படாததால் இவற்றோடு ஒட்டாதாம், இவையும் புரதத்துக்கு உள்ளே போய் ஒன்றாக ஒதுங்கிக்கொள்ளுமாம். இழுபறி இல்லாத குடும்பம் என்று நானும் தலையாட்டி வைத்தேன்.

மறுநாள் எங்கள் கம்பெனியில், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய பேண்டேஜ் துணியைத் தண்ணீரில் போட்டால் மிதக்கிறது. பத்து செகண்டில் முங்க வேண்டியது, பத்து நிமிடமாகத் தெப்பம் விடுகிறது. இருபது வருடமாகச் சூப்பர்வைசராக இருப்பவன் சும்மா இருப்பேனா? கோளாறு தண்ணீரில்தான் என்று போர் தண்ணீரை விட்டு முனிசிபாலிடி தண்ணீர் பிடித்தேன், அதிலும் மிதக்கவே ஸ்ரீவில்லிபுத்தூர் போய் இரண்டு குடம் தண்ணீர் பஸ்ஸில் கொண்டுவந்தேன், கண்டக்டர் குடத்துக்கும் டிக்கெட் போட்டார். கடைசியில் முதலாளி சுந்தரபாண்டியன் துணியோடு வீட்டுக்கே வந்துவிட்டார். அவருக்குக் காபி கொண்டுவந்த சௌதா துணியைத் திருப்பிப் பார்த்தாள்.

"தண்ணிய மாத்தி என்ன செய்ய, அத்தா? பஞ்சுல இருக்க மெழுகு போகவேயில்ல. அதுலயும் நீளநீளமா கார்பனும் ஹைட்ரஜனும்தான். காஸ்டிக் சோடாவுல வேக வைக்கிற நேரத்தக் கொறச்சியளா?"

குறைத்திருந்தேன், மச்சான். விறகு மிச்சமாகட்டும் என்று மூன்று மணி நேரத்தை ஒரு மணி ஆக்கியிருந்தேன். முதலாளி, "எம்புட்டு நாளா, அய்யூப்?" என்று மட்டும் கேட்டார். அவருக்கு வைத்த காபியை நான் குடித்துவிட்டேன். பெற்ற மகளால் வேலை போகப் பார்க்கிறது. இன்னும் இரண்டு வருடம் படித்தால் என்னிடம் என்னென்ன கண்டுபிடிப்பாளோ, பயமாக இருக்கிறது. நாளை நீங்கள் சொன்ன மாப்பிள்ளை அபுபக்கர் தன் தாயாரோடு பெண் பார்க்க வருகிறார். பேசி முடித்துவிடுகிறேன்.

வீட்டில் எல்லோருக்கும் எங்கள் சலாம். உங்கள் மூட்டுவலி குணமாக துஆ செய்கிறேன்.

இப்படிக்கு,
அய்யூப்

பி.கு.: தபாலில் சேர்க்க மறந்து கடிதம் இரண்டு நாள் சட்டைப் பையிலேயே கிடந்துவிட்டது. மூன்று மணி நேரம் வேகவைத்ததும் துணி நாலு செகண்டில் முங்கியது. என் வேலையும் தப்பியது. அபுபக்கர் வந்து போனார். தங்கமான பையன். பேச்சுவாக்கில் துணி மிதந்த கதையைச் சொல்லி, நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். நன்றாக யோசித்துவிட்டு, "தண்ணிய மாத்திப் பாத்தியளா, மாமா?" என்றார். அதற்கு இந்த வீட்டில் ஏற்கெனவே நான் ஒருவன் இருக்கிறேன். எம்.எஸ்சி. விண்ணப்பம் ஒன்று வாங்கி உடனே அனுப்பவும்.