பெரட்டில் படிக்கப்பட்ட என் ஈமெயில்

"கூடை தூக்குற குடும்பத்துப் புள்ளைக்கு கம்பியூட்டர் எதுக்கு?" என்று எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை அம்மாவிடம் கேட்டார். அதற்குப் பதில் சொல்லத்தான் நான் கம்பியூட்டர் படித்தேன். (வேறு உயர்ந்த நோக்கம் எதுவும் இருக்கவில்லை.)

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். ஆகவே எனக்குத் தெரியாதது உலகத்தில் இல்லை என்று நம்பினேன். ஹட்டனில் ஒரு கம்பியூட்டர் வகுப்புக்கு உதவி ஆசிரியை தேவை என்று அறிந்ததும், ஈமெயிலில் விண்ணப்பம் அனுப்ப, வீட்டில் மூச்சு விடாமல் பொகவந்தலாவை பஜாரிலிருந்த இன்டர்நெட் கடைக்குப் போனேன். வேலை கிடைக்காவிட்டால் கணக்கப்பிள்ளை சிரிப்பாரே!

கடைக் கம்பியூட்டரில் இரண்டு பிரவுசர்கள் இருந்தன. ஒன்று அட்டை மாதிரி ஊர்ந்தது; ஆனால் மூடியதும் எல்லாவற்றையும் மறந்துவிடும். மற்றது பறந்தது.

"தங்கச்சி, அது எல்லாத்தையும் ஞாபகம் வச்சிக்கும்" என்றார் கடைக்காரர்.

"அண்ணே, பிரவுசர்னா வேகந்தான் முக்கியம்" என்று அவருக்கே பாடம் எடுத்தேன்.

கடவுச்சொல்லை நினைவில் வைக்கட்டுமா என்று அது கேட்டது. எவ்வளவு மரியாதை! "ஆம்" என்று அழுத்திவிட்டு, விண்ணப்பத்தை அனுப்பியதும் கணக்கைக்கூட மூடாமல் நாலு மணி பஸ்ஸுக்கு ஓடினேன்.

இரண்டு நாள் கழித்து யாரோ அதே கம்பியூட்டரில் ஈமெயில் பார்க்க உட்கார, என் பெட்டி திறந்துகொண்டது. உள்ளே ஹட்டனிலிருந்து பதில். கடைக்காரர் நல்ல மனிதர். நான் தவறவிடக் கூடாதென்று அதை அச்செடுத்து, எங்கள் தோட்டத்துத் தபால்காரரிடம் கொடுத்தனுப்பினார்.

எங்கள் தோட்டத்தில், நாங்கள் குடியிருக்கும் லய வீடுகளுக்குத் தபால் வராது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில், கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார். உறையில்லாத காகிதமென்றால் வாசித்தும் காட்டுவார். இங்கிலிஸ் என்றால் விளக்கமும் இலவசம். அன்று அம்மாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோன நானும் அங்கே நின்றேன்.

மேலே என் விண்ணப்பம், அடியில் அவர்களுடைய பதில். அவர் மேலிருந்து தொடங்கினார்.

"'எங்க குடும்பத்துல மொதல்ல படிச்சவ நான்.' அடடே, நம்ம செல்லம்மா மக!"

பெண்கள் கைதட்டினார்கள். நான் மெல்ல அம்மாவின் கூடைக்குப் பின்னால் நகர்ந்தேன். அடுத்த வரி எனக்குத் தெரியும்.

"'எங்க தோட்டத்துக் கணக்கப்பிள்ளை கம்பியூட்டரை டீவிக்குத் தம்பின்னு நினைச்சிக்கிட்டிருக்காரு. அவருக்கே என்னால வெளங்கப்படுத்த முடியும்னா...'"

(ஆமாம். "திறமைகள்" என்ற தலைப்பின் கீழ் இதைத்தான் எழுதியிருந்தேன்.)

களத்தில் எழுந்த சிரிப்பு மேனேஜர் துரையின் பங்களா வரைக்கும் கேட்டிருக்கும். அவர் காகிதத்தை மடித்தார். அம்மா கூடையைக் கீழே வைத்தார்.

"மடிக்காதீங்கய்யா. மிச்சத்தையும் படிங்க."

"செல்லம்மா, ஒம் மக என்னையப் போயி..."

"அவளை நான் பாத்துக்கிறேன். அவங்க என்னா எழுதியிருக்காங்க? அதப் படிங்க."

படித்தார். வெள்ளிக்கிழமை நேர்முகத் தேர்வு.

"அப்ப வெள்ளிக்கெழம எனக்குப் பேரு போடாதீங்க. நாங்க ஹட்டன் போறோம்" என்றார் அம்மா. வீட்டுக்கு வந்த பிறகு எனக்குக் கிடைத்த திட்டை இங்கே எழுத முடியாது.

தேர்வில், நல்ல பிரவுசர் எது என்று கேட்டார்கள். "வேகமா ஓடணும். ஆனா நான் எழும்பிப் போனதும் என்னை மறந்துடணும். அதுக்கு மொதல்ல நான் கணக்கை மூடணும்" என்றேன். வேலை கிடைத்தது.

இன்றும் வீட்டில் யாராவது கிசுகிசுத்தால், "சத்தமாப் பேசுங்க, இல்லாட்டி கணக்கப்பிள்ளைதான் படிச்சிக் காட்டணும்" என்பார் அம்மா.

போன வாரம் பட்டப்படிப்புக்கு விண்ணப்பித்தேன். நினைவில் வைக்கட்டுமா என்று பிரவுசர் கேட்டது. "வேண்டாம்" என்றேன். பிறகு ஒரு பிரதி அச்செடுத்து, உறையில் போடாமல், கணக்கப்பிள்ளையின் கையில் நானே கொடுத்துவிட்டு வந்தேன். பெரட்டில் படிக்கட்டும்.