கையைக் கீழே விடச் சொல்லாத கல்லூரி

சீருடை போட்ட ஒருவரைக் கண்டால், என் கை என்னைக் கேட்காமலே அடையாள அட்டையைத் தேடத் தொடங்கிவிடும். (ஒருமுறை தபால்காரரிடமும் நீட்டியிருக்கிறேன். அவர் பொறுமையாக வாசித்துவிட்டு, இந்தப் பெயருக்கு இன்று கடிதம் இல்லை என்று திருப்பித் தந்தார்.) யாழ்ப்பாணத்துச் சோதனைச் சாவடிகளில் பழகிய கை. கனடாவுக்கு வந்து, மொன்றியல் குளிரில் எத்தனையோ தரம் விறைத்தும் அது திருந்தவில்லை.

இப்படிப்பட்ட என்னைத்தான், உள்நாட்டுப் பாதுகாப்புப் படிப்புக்குக் கல்லூரி பார்க்கக் கூட வரும்படி என் மகள் தர்சினி கூப்பிட்டாள். விமான நிலையங்களில் ஊரார் சோதனைக்காகச் சப்பாத்தையெல்லாம் கழற்றத் தொடங்கியிருந்த காலம். அந்தப் படிப்புக்கு நல்ல மவுசு. என் படிப்போ ஐந்தாம் வகுப்போடு சரி. மீன் வாங்கப் போனாலும் கடைக்காரர் எடுத்துத் தரும் மீனைத்தான் வாங்கி வருவேன். இது கூடாது, அதைத் தாருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

என் மனிசிக்கு அந்தப் படிப்பில் துளியும் விருப்பமில்லை.

"பொம்பிளைப் பிள்ளை நிண்டு ஊரார்ர பெட்டியைக் கிண்டுறதோ? கணக்கியல் படிக்கட்டும். நீங்கள் போய்ப் பாத்திட்டு, பள்ளிக்கூடம் சரியில்லை எண்டு சொல்லிப்போட்டு வாங்கோ."

"என்ன சரியில்லை எண்டு சொல்லுறது?"

"கக்கூஸ் சரியில்லை எண்டு சொல்லுங்கோவன். ஆர் போய்ப் பாக்கப்போகினம்?"

மகளோ தனியாக வந்து, "அப்பா, நீங்கள் ஓம் எண்டால்தான் அம்மா விடுவா. வடிவாப் பாத்திட்டுச் சொல்லுங்கோ" என்றாள். நான் இரண்டு பேருக்கும் ஓம் சொல்லிவிட்டேன். எனக்குத் தெரிந்த ஒரே இராசதந்திரம் அதுதான்.

கல்லூரியைப் பார்வையிடும் நாளன்று மனிசி எனக்குக் கோட்டு, காற்சட்டை போட்டுவிட்டாள். மலிவு விற்பனையில் வாங்கிய காற்சட்டை. நான் இன்னும் வளருவேன் என்று நினைத்து வாங்கினாளோ தெரியாது, அதற்குள் என்னைப்போல் இன்னொருவரும் வசதியாகக் குடியிருக்கலாம். பெல்ட் ஒன்றுதான் எங்கள் மானத்தைக் காத்தது. சட்டைப் பையில் கோயில் திருநீற்றை ஒரு காகிதச் சரையாக மடித்து வைத்தாள். (போகிற காரியம் கெட்டுப்போக வேண்டும் என்று முருகனுக்கு நேர்ந்த திருநீறு அது என்று பிறகுதான் தெரிந்தது.)

மொன்றியல்-நோரில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து நான்தான் கார் ஓட்டினேன். கல்லூரி வாசலில் சீருடைப் பொடியன் ஒருவன் கையைக் காட்டினான். நான் சாவடிப் பழக்கத்தில் காரை நிறுத்தி, ரேடியோவை மூடி, பட்டப்பகலில் உள்விளக்கைப் போட்டு, கையில் அகப்பட்ட மருத்துவ அட்டையை நீட்டினேன். பின்னால் வந்த கார்களெல்லாம் ஹோர்ன் அடித்தன.

"அப்பா! எங்க பார்க் பண்ணுறதெண்டுதான் அவன் காட்டுறான்!"

உள்ளே ஒரு மண்டபம். நடுவில், விமான நிலையத்தில் இருப்பதுபோல உலோகம் கண்டுபிடிக்கும் வாசல். ஓர் ஆசிரியை பிரெஞ்சில் எதையோ சொல்லிவிட்டு, செய்து காட்ட ஒரு ஆள் வேண்டும் என்று கேட்டார். எல்லாப் பெற்றோரும் நிலத்தைப் பார்த்தார்கள். நானும்தான் பார்த்தேன். ஆனால் முன்னுக்கு நின்று பார்த்துவிட்டேன். ஆசிரியையின் விரல் என்மேல் விழுந்தது.

"பொன்ஜூர், முசியூ" என்று வணக்கம் சொன்னான் சீருடை மாணவன். அதற்குமேல் அவன் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அட்டைகள், சில்லறை, திருநீற்றுச் சரை எல்லாம் தட்டுக்குப் போயின. சப்பாத்துப் போனது. பெல்ட்டும் போனது. வாசலைத் தாண்டி, கால்களை அகட்டி, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்திக்கொண்டு நின்றேன். மண்டபமே கைதட்டியது.

மாணவன் சரையை விரித்தான். உள்ளே வெள்ளைத் தூள். அவன் முகமும் அதே நிறமானது. அதை ஒரு தட்டில் தூரப் பிடித்தபடி ஆசிரியையிடம் ஓடினான். இருவரும் குனிந்து பார்த்து, மூக்கைச் சுருக்கி, மூன்றாவது ஆளைத் தேடி உள்ளே போய்விட்டார்கள். என்னை எல்லோரும் மறந்துபோனார்கள். காற்சட்டை மட்டும் மறக்கவில்லை. அது மெதுவாக இறங்கத் தொடங்கியது.

கால்களை இன்னும் அகட்டிப் பார்த்தேன், வயிற்றை ஊதிப் பார்த்தேன். அது முழங்காலில் ஒருதரம் யோசித்துவிட்டு, பிறகு நேரே நிலத்துக்கு வந்துவிட்டது.

அதுவரை என்னைத் தெரியாதவள்போல் தூணோடு நின்ற மகள் ஓடி வந்தாள்.

"அப்பா, கையைக் கீழ விடுங்கோ!"

"அவை இன்னும் சொல்லேல்லைப் பிள்ளை."

"ஆர் சொல்லோணும்?"

"அவைதான்."

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, பிரெஞ்சில் ஒரு அதட்டல் போட்டாள். மண்டபம் முழுவதும், உள்ளேயிருந்து ஓடிவந்த ஆசிரியை உட்பட, அப்படியே முதுகு காட்டித் திரும்பி நின்றது. அதே குரலில் எனக்கும் தமிழில் வந்தது:

"கையை விடுங்கோ. குனியுங்கோ. இழுத்துப் பிடியுங்கோ."

நான் செய்தேன். அந்தக் குரலுக்கு யாரானாலும் பணிவார்கள்.

மகளை ஏற்றிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன். மடியில் திருநீற்றுச் சரை, வெறும் சாம்பல்தான் என்று கண்டு பத்திரமாகத் திருப்பித் தந்திருந்தார்கள். இனி இந்தக் கல்லூரிப் பக்கமே பிள்ளை தலைவைத்தும் படுக்காது, மனிசி நினைத்தது நடந்துவிட்டது, கக்கூசைக் குறை சொல்ல வேண்டிய வேலையும் இல்லை என்று நினைத்தேன்.

"அப்பா, நான் அங்கைதான் படிக்கப்போறன்" என்றாள்.

"இவ்வளவு நடந்தாப் பிறகுமோ?"

"அந்தப் பொடியன் உங்களிட்டக் கையைக் கீழ விடச் சொல்ல மறந்திட்டான். நான் மறக்க மாட்டன்."

எனக்கு வீதி கொஞ்சம் கலங்கித் தெரிந்தது. காரை மெதுவாக ஓட்டினேன்.

வீட்டு வாசலில் மனிசி காத்துக்கொண்டு நின்றாள். "என்னப்பா, பள்ளிக்கூடம் எப்பிடி?"

"கக்கூஸ் நல்ல துப்புரவு" என்றேன்.

தர்சினி அங்கேயே படித்து, இப்போது விமான நிலையத்தில் சீருடையோடு நிற்கிறாள். ஒவ்வொருவரையும் சோதித்து முடித்ததும், "கையை விடலாம், முசியூ" என்று சொல்ல மறப்பதில்லையாம். நான்தான் பெல்ட்டுக்கு மேல் நாடாவும் கட்டிக்கொண்டு திரிகிறேன். முருகன் கோயில் தேருக்கு வேட்டியோடு போய், "அரோகரா" என்று இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தும்போது, ஊரெல்லாம் முருகனைப் பார்க்கும். என் குடும்பம் மட்டும் என் இடுப்பைப் பார்க்கும்.