மைனா வாங்கிய பறவைக் கையேடு

ஒரு காட்டில் ஒரு பெண் மைனா இருந்தது. உள்ளூர்ப் பறவைகளை எல்லாம் பார்த்துப் பார்த்து அதற்குச் சலித்துவிட்டது. கடலுக்கு அப்பால் கங்காரு நாட்டில் யாழ்ப்பறவை என்று ஒன்று உண்டாம். வால் யாழ் மாதிரியாம், கேட்ட சத்தத்தை எல்லாம் அப்படியே திருப்பிப் பாடுமாம். அதை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டால் ஜென்மம் சாபல்யம் என்று மைனா டிக்கெட்டும் எடுத்துவிட்டது.

அந்த நாட்டுப் பறவைகளை அடையாளம் காட்ட ஒரு கையேடு வேண்டுமே. ஆந்தையின் புத்தகக் கடைக்குப் போயிற்று.

ஆந்தை எடுத்துப் போட்ட முதல் புத்தகம் அம்மிக்கல் கனம். "இதைத் தூக்கிக்கிட்டு எப்படி அண்ணாச்சி பறக்கிறது?" என்றது மைனா. இரண்டாவதில் வழவழப்பான போட்டோக்கள், அத்தனையும் ஆண் பறவைகள். பெண்ணுக்கு, "மேற்படியே, சற்று மங்கல்" என்று ஒரு வரி. மைனாவுக்கு வந்ததே கோபம். பட்டென்று மூடி வைத்துவிட்டது.

"அப்ப இதைப் பாரும்மா. கைக்கு அடக்கம், பின்னால அகரவரிசையும் இருக்கு. அந்த ஊர் ஏர்போர்ட் அதிகாரியே இதைத்தான் வச்சிருக்கார்" என்றது ஆந்தை.

மைனா ஆசையாகப் புரட்டியது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அதன் படமே இருந்தது. பூரித்துப்போய்க் கீழே படித்தது: "மைனா. வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட தொல்லைப் பறவை. கண்டால் பிடித்துக் கொடுக்கவும்."

போகாமலே இருந்துவிடலாமா என்றுகூட மைனா யோசித்தது. ஆனால் யாழ்ப்பறவை ஆசை விடுமா? புத்தகத்தை வாங்கிக்கொண்டு விமானம் ஏறிவிட்டது.

அங்கே போய் இறங்கினால் நீள வரிசை. கவுண்டரில் உட்கார்ந்திருந்த கங்காரு அதிகாரி, "பேர் என்ன?" என்றார். மைனா பேரைச் சொல்லாமல் பாஸ்போர்ட்டை நீட்டியது. அதிகாரியே பாஸ்போர்ட்டை விரித்து எழுத்துக் கூட்டினார். "நா... க... ண... வாய்ப்... புள்."

ஊரில் பாஸ்போர்ட் குமாஸ்தா மயிலாருக்குத் தமிழ்ப்பற்று கொஞ்சம் அதிகம். மைனா என்று எழுதிக் கொடுத்த படிவத்தில், வடசொல் என்று அடித்துவிட்டு நாகணவாய்ப்புள் என்று திருத்தியிருந்தார். அதற்காக மைனா அவரோடு ஒரு மணி நேரம் சண்டை போட்டது வேறு கதை.

அதிகாரி கையேட்டின் அகரவரிசையில் 'நா' பார்த்தார். நாமக்கோழி இருந்தது, நாரை இருந்தது, நாகணவாய்ப்புள் இல்லை. எதிரே நிற்கிற முகத்தைப் பார்த்துப் படத்தோடு ஒப்பிட்டால் போயிற்றே என்பீர்கள். கவுண்டரில் உட்கார்ந்தவர் என்றைக்கு முகத்தைப் பார்த்திருக்கிறார்?

"எங்க புத்தகத்துலயே இல்லாத அபூர்வப் பறவைங்க நீங்க. வரணும், வரணும்" என்று எழுந்து நின்று, வயிற்றுப் பையிலிருந்து முத்திரையை எடுத்துக் குத்தினார்.

மறுநாள் மைனா தங்கிய மரத்தடியில் ஒரே கூட்டம். கழுத்தில் பைனாகுலரோடு முதல் ஆளாக நின்றது யாழ்ப்பறவை. மைனாவுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

"உங்களைப் பார்க்கத்தாங்க முதல்ல வந்து இடம் பிடிச்சேன்" என்றது யாழ்ப்பறவை. "இங்கே மைனான்னு ஒரு கூட்டம் வந்து குடியேறியிருக்கு. தொல்லை தாங்கலைங்க."

மைனா கழுத்தை நிமிர்த்திக்கொண்டது.

"கண்டதையெல்லாம் உள்ளே விட்டா இப்படித்தாங்க" என்றது.

நீதி: வெளிநாடு செல்வோர் பெயரைத் தூய தமிழில் எழுதிக்கொள்க, தொல்லையும் அபூர்வமாகும்.